முளைத்த நாற்று ஏன் சாய்கிறது? விதை போடும் கலவை பற்றி ஒரு பதில்

கேள்வி: தாம்பரத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளை 98 குழி ட்ரேயில் போட்டேன். பாதி கோகோபீட், பாதி மண்புழு உரம். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போனதும் காலையில் பார்த்தால் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மிஞ்சியவை மஞ்சள் பூத்து வளராமல் அப்படியே நின்றுவிட்டன. ஐப்பசியில் மறுபடி போட்டேன், அதே கதை. எதிர்வீட்டு மாமா செம்மண்ணும் எருவும்தான் சரி என்கிறார். யூடியூபில் பீட் மாஸ், பெர்லைட் என்று சொல்கிறார்கள். நர்சரிக்காரர் ரெடிமிக்ஸ் மூட்டை எடுத்துக்கச் சொல்கிறார். எதை வாங்குவது? கொத்தமல்லியையும் ட்ரேயிலேயே போடலாமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் ட்ரேயில் இரண்டு வியாதிகள் சேர்ந்து வந்திருக்கின்றன. சாய்ந்தவை அழுகலால் சாய்ந்தவை. மஞ்சளாகி நின்றவை பெரும்பாலும் உப்பினால் நின்றவை. உரம் போதவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இப்படி எழுதுகிற பலர் அடுத்த தடவை மண்புழு உரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்கள், இரண்டு வியாதியும் சேர்ந்தே கூடுகிறது.

அடுத்த முறை ஒரு நாற்று சாய்ந்தால் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் விரிந்த இரண்டு வித்திலைகளும் பச்சையாகத்தான் இருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, பழுப்பேறி, நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும். மேலே உள்ள பாரத்தை அந்த நூலால் தாங்க முடியாது. இதுதான் நாற்றழுகல். காய்கறி நாற்றங்காலில் இதை உண்டாக்குவது பெரும்பாலும் பித்தியம் என்கிற பூசண வகை. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. ஈரம் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். ட்ரேயில் ஒரு மூலையில் ஆரம்பித்து வட்டமாகப் பரவுவது அதனால்தான். ஐப்பசி மழையில், வெயில் முகமே காட்டாத நாட்களில், பாதிக்குப் பாதி மண்புழு உரம் கலந்த ட்ரே என்றால் அதற்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது.

விதைக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கினால் எதை வாங்குவது என்பது சுலபமாகிவிடும். ஒரு தக்காளி விதைக்குள்ளேயே அது முளைத்து, இரண்டு வித்திலைகளை விரித்து நிற்கும் அளவுக்குச் சாப்பாடு இருக்கிறது. முதல் உண்மையான இலை வரும் வரை வெளியிலிருந்து யாரும் ஊட்ட வேண்டியதில்லை. அதுவரை அதற்கு வேண்டியது ஈரம், காற்று, கொஞ்சம் சூடு. சென்னையில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஈரத்தையும் நாம் அளவுக்கு மேலேயே கொடுத்துவிடுகிறோம். காற்றைத்தான் மறந்துவிடுகிறோம். வேரும் மூச்சு விடும். கலவையின் இடுக்குகள் எல்லாம் தண்ணீரால் அடைத்துக்கொண்டால் வேர் திணறும், பித்தியம் தழைக்கும். விதைப்புக் கலவையில் நாங்கள் நாற்றங்காலில் முதலில் பார்ப்பது, தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் உள்ளே காற்று நிற்கிறதா என்பதைத்தான். சத்தைப் பற்றிய பேச்சு அப்புறம்தான் வரும்.

இப்போது மாமா சொன்ன செம்மண்ணுக்கு வருவோம். அவர் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர் மனதில் இருப்பது தரையில் போடும் மேட்டுப்பாத்தி. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து பாத்தி கட்டி நாற்று விட்டு எத்தனையோ தலைமுறை சாப்பிட்டிருக்கிறது. அதே கலவையை நாலு சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் அடைத்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தரையில் ஊற்றிய தண்ணீரைக் கீழே இருக்கும் மண் இழுத்துக்கொண்டே போகும். குழித்தட்டில் கீழே இழுக்க மண் கிடையாது, ஓட்டைக்கு அடியில் வெறும் காற்றுதான். அதனால் அடிப்பகுதியில் ஒரு பட்டைத் தண்ணீர் வடியாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். பாத்திரம் தேய்க்கிற பஞ்சை நனைத்துப் படுக்கை வசத்தில் பிடித்துப் பாருங்கள், கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. ஆழமில்லாத ட்ரே எப்போதும் படுத்திருக்கும் பஞ்சு. அதில் நைசான மண்ணைப் போட்டால் குழி முழுக்கவே ஈரப்பட்டைக்குள் போய்விடும். மேலே வெயில் பட்டதும் அதே மண் ஓடு மாதிரி இறுகி, கத்தரி போன்ற சின்ன விதைகளின் முளையைத் தலைதூக்க விடாது.

அடியில் கூழாங்கல்லோ ஓட்டுச்சில்லோ போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஈரப்பட்டை அந்தச் சல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வேருக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறையும். ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு சில்லு வைப்பது வேறு விஷயம். வடிகாலை உண்டாக்குவது கலவையின் பொரபொரப்புதான்.

பீட் மாஸ் என்பது குளிர்நாடுகளின் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான வருஷம் படிந்து மக்கிய பாசி. கனடாவிலும் பால்டிக் நாடுகளிலும் தோண்டி எடுக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது கைக்கெட்டும் பொருள், அதனால் அவர்கள் வீடியோவில் அதைக் காட்டுகிறார்கள். இயற்கையிலேயே புளிப்புத் தன்மை அதிகம் என்பதால் சுண்ணாம்பு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும், மேலே ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும். நம் மாடி வெயிலில் இது ஒரு தலைவலி. இதற்கெல்லாம் மேல் விலை. அங்கேயே சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பீட்டுக்கு மாற்றுத் தேடுகிறார்கள், அப்படித் தேடி அவர்கள் வாங்குவதில் ஒன்று நம் தேங்காய் நார்த்தூள், அதாவது கோகோபீட். அதை இங்கே வைத்துக்கொண்டு நாம் பீட் மாஸுக்கு அலைவது தேவையில்லாத வேலை.

நர்சரிக்காரரின் ரெடிமிக்ஸ் மூட்டையைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் வளர்ந்த செடியைத் தொட்டியில் வைப்பதற்கான கலவை. எரு, மண்புழு உரம், புண்ணாக்கு எல்லாம் தாராளமாக இருக்கும். ரோஜாவுக்கு நல்லது, விதைக்குக் கனம். மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். குச்சியும் கட்டியுமாக இருந்தாலோ, சாண வாடை அடித்தாலோ, ட்ரேக்கு வேண்டாம். கிரோ பேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கோகோபீட்டே போதும். ஆனால் அதைத் தயார் செய்யும் விதம் மாற வேண்டும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது உதிரும் தூள்தான் இது. தென்னை இயல்பாகவே பொட்டாசியத்தையும் குளோரைடையும் நிறைய எடுத்துக்கொள்ளும் மரம். அந்த உப்பு மட்டையிலும் தங்கியிருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். ஏற்றுமதிக்குப் போகும் தூளைப் பல தடவை கழுவிக் காயவைத்து, உப்பை அளந்துதான் கட்டியாக அடிக்கிறார்கள். ஈசி என்பது உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு. பொதியில் 'லோ ஈசி' என்று போட்டிருந்தால், அதாவது 0.5க்குக் கீழ் என்றால், கழுவிய சரக்கு என்று பொருள். 'ஹை ஈசி' என்றால் கழுவாதது, விலையும் குறைவு. சில்லறையில் கிடைக்கும் கட்டிகள் பலவற்றில் எதுவும் போட்டிருக்காது. அப்படியானால் கழுவாதது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

650 கிராம் கட்டி ஒன்றை எடுத்து மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில் போட்டால் எட்டு ஒன்பது லிட்டர் தூளாக உப்பும். 98 குழி ட்ரே ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் பிடிக்கும், அதனால் ஒரு கட்டி மூன்று ட்ரேக்குத் தாராளம். உப்பிய தூளை ஒரு பழைய பருத்தித் துணியில் அல்லது வெங்காய மூட்டைக்குள் துணி விரித்து அதில் போட்டு, வாளித் தண்ணீரில் அமுக்கி அலசுங்கள். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு அரை மணி நேரம் புதுத் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். மூன்று தடவைக்கு வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். நிறம் போவது வேறு, உப்பு போவது வேறு, நிறத்தை மட்டும் நம்பி நிறுத்திவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் ஆர்ஓ மெஷின் இருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் எங்காவது டிராயரில் கிடக்கும். ஊற்றுகிற தண்ணீரை முதலில் அதில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தூளைப் பிழிந்து வரும் தண்ணீரை அளந்து பாருங்கள். ஊற்றியது 400, பிழிந்தது 2000 என்று காட்டினால் கழுவல் போதவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 200, 300க்குள் வந்துவிட்டால் விதை போடலாம். தாம்பரம் பக்கம் போர் தண்ணீரே 1000க்கு மேல் காட்டுகிற தெருக்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் அந்த 1000க்குக் கீழே போகாது. அப்படியென்றால் கடைசி அலசலை மட்டும் மழைத் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ செய்யுங்கள், நாற்றுக்கு ஊற்றுவதையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ட்ரேக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிவிடப் போகிறது? ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த வாழைக்கு எப்படியோ, நாற்றுக்கு அது ஆகவே ஆகாது. உப்பு செறிந்த தண்ணீர் அது.

உங்கள் நாற்று மஞ்சளானதற்கு இதுதான் முதல் சந்தேகம். கழுவாத தூளின் உப்போடு மண்புழு உரத்தின் உப்பும் சேர்ந்திருக்கிறது. உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. பச்சை நார்த்தூளில் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் கரிச்சத்து இருக்கிறது. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கும் தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும், நாற்றுக்கு மிஞ்சாது. வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைச் சொல்கிறது. ஒரு டன் கழிவுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி காளான் வித்து, 30 நாள். கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் 112க்கு 1 என்றிருந்த விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும். அது தோப்புக்காரர்களுக்கான கணக்கு. மாடியில் மூன்று ட்ரேக்கு அவ்வளவு பாடுபட வேண்டாம். 25லிருந்து 35 நாளுக்குள் பிடுங்கி நடப்போகிற நாற்றுக்குக் கழுவிய தூளும் நடுவில் கொஞ்சம் ஊட்டமும் போதும்.

சரி, கலவை. கழுவிப் பிழிந்த நார்த்தூள் மூன்று பங்கு, பொரபொரப்புக்காக ஏதாவது ஒன்று ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு. இதற்கு மேல் மண்புழு உரத்தைக் கூட்ட வேண்டாம், மழைக்காலத்தில் அதையும் விட்டுவிட்டால்கூடக் குறையில்லை. ஒரு கட்டியிலிருந்து வந்த எட்டு ஒன்பது லிட்டர் தூளுக்கு நன்றாகத் தூளாக்கிய வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி, அழுகல் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு ஸ்பூன். பண்ணை அளவில் 300 கிலோ நார்த்தூளுக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு, நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஒவ்வொரு கிலோ என்பது பரிந்துரை. நீங்கள் அசோஸ்பைரில்லம் வைத்திருந்தால் அரை ஸ்பூன் போடுங்கள், இல்லையென்றால் அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம்.

பொரபொரப்புக்கு எதைப் போடுவது? பெர்லைட் நல்ல பொருள், வெள்ளைப் பொரி மாதிரி லேசாக இருக்கும். வாங்க முடிந்தால் போடுங்கள், கொட்டும்போது தூசு பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். வெர்மிகுலைட் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சரக்கு. நம் திருப்பத்தூர் மாவட்டத்துச் செவ்வாத்தூரிலேயே வெட்டி எடுக்கும் கனிமம்தான் அது. நார்த்தூளே தண்ணீரை நிறையப் பிடிப்பதால் அதோடு வெர்மிகுலைட்டைக் கலக்க வேண்டிய அவசியமில்லை. விதைக்கு மேல் மெல்லிசாகத் தூவி மூட மட்டும் அருமையாக இருக்கும், முளை அதைச் சுலபமாகத் தள்ளிக்கொண்டு வரும்.

காசு செலவழிக்காமல் செய்ய எனக்குப் பிடித்தது உமிக்கரி. உமியைப் புகையவிட்டு, சாம்பலாகும் முன் தண்ணீர் தெளித்து அணைத்த கறுப்பு உமி. உருவம் கெடாமல் படகு படகாக இருக்கும், லேசானது, காற்றுக்கு இடம் விடும். ரைஸ் மில்லில் கேட்டால் மூட்டையாகவே கிடைக்கலாம். வெளுத்துப் போன சாம்பலாக இருந்தால் வாங்காதீர்கள். அது காரத்தன்மை உள்ளது, கலவையைச் சேறாகவும் ஆக்கிவிடும். கறுப்பு உமியையும் ஒரு தடவை அலசிப் போடுவது நல்லது. மணல் போடுவதென்றால் ஆற்று மணலில் கொரகொரப்பானது சரி, ஆனால் இப்போது அது எங்கே கிடைக்கிறது? பக்கத்துக் கட்டடத்தில் குவித்திருக்கும் எம்-சாண்டை அள்ளி வந்தால், அதில் கல்மாவு நிறைய இருக்கும். மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத் தள்ளிவிட்டு, மேலே நிற்பதைக் கழுவிப் போடுங்கள். கடற்கரை மணல் எந்த நிலையிலும் வேண்டாம்.

மண்புழு உரத்தை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் கிருமி நீக்கச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. வீடு நாறும், நல்ல நுண்ணுயிர்களும் செத்துவிடும், காலியான இடத்தில் முதலில் குடியேறுவது பெரும்பாலும் பூசணம்தான். என்னைக் கேட்டால் அந்த வேலையை விட்டுவிட்டு ட்ரேயைக் கழுவுங்கள். போன தடவை அழுகல் வந்த ட்ரேயில் அந்தக் கிருமி ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர், அதில் அரை மணி நேரம் மூழ்கவைத்துப் பிறகு நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். பழைய கலவையை மறுபடி ட்ரேக்கு எடுக்க வேண்டாம்.

கலவையின் ஈரத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் பளபளத்து, ஒன்றிரண்டு சொட்டு மட்டும் எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம், நிழலில் கொஞ்ச நேரம் பரப்பிவிடுங்கள். கையை விரித்ததும் உருண்டை அப்படியே நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் கட்டியாக இருந்தால் உமிக்கரி போதவில்லை. குழிகளை நிரப்பும்போது கட்டை விரலால் குத்தி அடைக்காதீர்கள், அடைத்தால் இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய காற்றிடம் எல்லாம் போய்விடும். ட்ரேயைத் தரையில் ஒருமுறை தட்டினால் அதுவே படியும்.

98 குழி என்பது ஏக்கர் கணக்கில் நடுபவர்களுக்கு இடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக வந்தது. வீட்டுக்கு 50 குழி ட்ரே வாங்குங்கள். குழி பெரிதாக இருந்தால் ஈரம் நிதானமாக ஏறி இறங்கும், நீங்கள் ஒரு நாள் வெளியூர் போனாலும் தாங்கும், மிளகாய் மாதிரி 35 நாள் ட்ரேயில் இருக்கும் பயிருக்கு வேரோட இடமும் கிடைக்கும். பேப்பர் கப்பில் போடுகிறீர்கள் என்றால் அடியில் மூன்று ஓட்டை. முட்டை அட்டையில் போடுவது படத்துக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அட்டையே ஈரத்தை உறிஞ்சிக் காயவைத்துவிடும், பூசணமும் பிடிக்கும்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போட வேண்டாம். குழிக்கு ஒன்று, விதை பழசாக இருந்தால் இரண்டு. ஒரு கிலோ விதைக்கு நான்கு கிராம் டிரைக்கோடெர்மா என்ற கணக்கில், உங்கள் பொட்டலத்துக்கு நகக்கண் அளவு தூளில் விதையைப் புரட்டிப் போடலாம். தண்ணீர் தெளித்து, பாலித்தீன் தாளால் மூடி நிழலில் வையுங்கள். தக்காளி ஐந்து நாளிலிருந்து எட்டு நாளுக்குள், கத்தரி பத்து நாளுக்குள், மிளகாய் இரண்டு வாரம் வரை இழுக்கும். மூன்றையும் ஒரே ட்ரேயில் போட்டுவிட்டு மிளகாய்க்காகக் காத்திருந்தால் தக்காளி மூடிக்குள்ளேயே நீண்டு வெளுத்து வெந்துவிடும், தனித்தனி ட்ரேயில் போடுங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே தாளை எடுத்துவிட வேண்டும், காலை வெயில் படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். தண்டு நீண்டு மெலிந்தால் அது வெளிச்சக் குறை, கலவையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ட்ரேயைத் தண்ணீர் நிற்கும் தட்டிலோ நேராகத் தளத்திலோ வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், அடி ஓட்டைக்குக் கீழே காற்று ஓட வேண்டும். தண்ணீர் காலையில்தான். மாலையில் தெளித்தால் இரவு முழுக்கத் தண்டடி ஈரமாகவே கிடக்கும், உங்கள் வீட்டில் காலையில் சாய்ந்து கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நார்த்தூளில் ஒரு ஏமாற்று உண்டு. மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், அரை விரல் கீழே சொதசொத என்றிருக்கும். அதனால் பார்த்து ஊற்றாதீர்கள், தூக்கிப் பார்த்து ஊற்றுங்கள். முழு ஈரத்தில் ட்ரே என்ன கனம் என்பது ஓரிரு நாளில் கைக்குப் பழகிவிடும், கனம் நன்றாகக் குறைந்ததும் ஊற்றினால் போதும். மேற்பரப்பு இப்படி நடுவில் காய்ந்து வருவதால் கொசு மாதிரிச் சுற்றும் சிறு கறுப்பு ஈக்களும் முட்டையிட வராது.

இவ்வளவுக்கும் மேல் அழுகல் தலைகாட்டினால், அந்தக் குழியையும் சுற்றியுள்ள குழிகளையும் கலவையோடு சேர்த்து எடுத்து வெளியே போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற தாமிரப் பூசணக்கொல்லியை லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்துத் தண்டடியில் ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தான், தாமிரம் அதையும் பாதிக்கலாம். அதனால் மருந்து ஊற்றிய பிறகு அந்த வாரமே மறுபடி டிரைக்கோடெர்மா போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். மழைக்காலத்தில் ட்ரே மேல் நேராக மழை விழக் கூடாது, சன்ஷேடுக்கு அடியில் ஒரு மேஜை போதும்.

ஊட்டம் எப்போது? முதல் உண்மை இலை நன்றாக விரிந்த பிறகு. பண்ணையில் 18ஆம் நாள் வாக்கில், தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து ஊற்றுவார்கள். நீங்கள் இரண்டு கிராமில் ஆரம்பித்து ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை கொடுங்கள். இரசாயனம் வேண்டாம் என்றால் மண்புழுக் குளியல் நீரைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்து ஊற்றலாம். தக்காளியை 25 நாளில், கத்தரி, மிளகாயை 30, 35 நாளில் எடுத்து நடலாம். குழியிலிருந்து இழுக்கும்போது கலவை வேரோடு முழுசாகக் கழன்று வந்தால் நடவுக்குத் தயார்.

மாமாவின் செம்மண் கலவையையும் ஒதுக்கிவிட வேண்டாம். பாகல், புடலை, சுரை, பீர்க்கு போன்ற பெரிய விதைகளுக்கு அது நன்றாக ஒத்துவரும். உயரமான கப்பிலோ கவரிலோ நிரப்பி, ஒரு இரவு ஊறவைத்த விதையை ஒன்றொன்றாகப் போட்டு, வேர் கலையாமல் அப்படியே பெரிய பைக்கு மாற்றுங்கள். கப்பு உயரமாக இருப்பதால் மேலே சொன்ன ஈரப்பட்டை அடியிலேயே தங்கிவிடும். வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கி, கேரட், கீரை இவற்றுக்கெல்லாம் ட்ரேயே வேண்டாம், வளரும் இடத்தில் நேராகப் போடுங்கள்.

கொத்தமல்லியும் அந்தப் பட்டியல்தான். ஆணிவேர் விட்டு இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் சோர்ந்துபோய்ச் சீக்கிரமே பூவுக்குத் தாவிவிடும். மளிகைக் கடைத் தனியாவே போதும், ஆனால் புதுசாக இருக்க வேண்டும். ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை இருப்பதால் செருப்பாலோ பூரிக்கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, பொடியாக்கிவிடாமல், ஒரு இரவு ஊறவைத்து விதையுங்கள். அகலமான, ஒரு சாண் ஆழமுள்ள தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரேயிலிருந்து கொட்டிய பழைய கலவையை இதில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அழுகல் வந்த ட்ரேயின் கலவை என்றால் வேண்டாம், அதை வளர்ந்த செடிகளின் பைகளில் மேலாகப் பரப்பிவிடுங்கள். கொத்தமல்லிக்குப் புதிதாகச் செம்மண், நார்த்தூள், மக்கிய எரு சமமாகக் கலந்து போட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் முளைத்துவிடும். தை பிறந்ததும் போடுங்கள், பங்குனி வெயில் ஏறுவதற்குள் இரண்டு மூன்று தடவை கிள்ளிவிடலாம்.